ஏற்காடு மலைச்சாலையில் ஓடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டம் முடித்து அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் கையை நீட்டி வாட்ச்சைக் காட்டி "இது சரியாங்ணா?" என்பார். இன்னொருவர் காலை நீட்டி முட்டியைக் காட்டுவார். அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள்தான், ஆள்தான் மாறுகிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. பதிமூன்று வருடமாக ஓடுகிறேன், அதில் கூட்டிப் பார்த்தால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் காயத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தத் தகுதி மட்டும்தான். நாலைந்து வருடமாவது ஓடியவர்களுக்காக எழுதியது இது, புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

எனக்கு 46 வயசுங்க. 220-ல வயசைக் கழிச்சா 174 வருது. மலை ஏறுறப்ப 183 காட்டுது. ஹார்ட்டுக்கு ஏதாச்சும் ஆயிடுமா?

இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை தடவை துடிக்கும் என்று சொல்லும் அந்த 220 கணக்கு 1971-ல் வந்தது. பல ஆய்வுகளின் எண்களை ஒரே படத்தில் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தார்கள், அவ்வளவுதான். 2001-ல் வந்த இன்னொரு கணக்கு, 208-லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொல்கிறது. உங்கள் வயதுக்கு அது 176. இரண்டுமே சராசரி. ஒரே வயதுக்காரர்கள் நூறு பேரை நிறுத்தினால், கணக்கைவிடப் பத்துப் பன்னிரண்டு மேலேயோ கீழேயோ இருப்பவர்கள் ஏராளமாக இருப்பார்கள். நெஞ்சில் வலி, தலைசுற்றல், படபடப்பு எதுவும் இல்லாமல் 183 வந்தது என்றால் உங்கள் உச்சம் குறைந்தது 183 என்று அர்த்தம். சந்தோஷமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சத்தைவிட உபயோகமான எண் வேறு. நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, தனியாக, 30 நிமிடம் உங்களால் தாக்குப்பிடிக்க முடிந்த அதிகபட்ச வேகத்தில் ஓடுங்கள். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுங்கள். அதுதான் உங்கள் த்ரெஷோல்டு, அதாவது அதைத் தாண்டினால் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியாது என்கிற எல்லைத் துடிப்பு, சுமாராக. கீழே மலை ஏறும் பதிலில் இந்த எண் வரும். ஒன்று மட்டும், 40 தாண்டியவர்கள், வீட்டில் சர்க்கரை, பிரஷர், இதயநோய் இருப்பவர்கள், டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு இதைச் செய்யுங்கள்.

அடிவாரத்துலயே 175 காட்டுச்சு, ஆனா மூச்சே வாங்கல. வாட்ச் பொய் சொல்லுதா?

பெரும்பாலும் ஆமாம். மணிக்கட்டு வாட்ச் தோலுக்குள் வெளிச்சம் அடித்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. கை ஆடும்போது அது துடிப்பை விட்டுவிட்டு உங்கள் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு 170, 175 காலடி வைப்பவருக்கு அப்படியே 170, 175 என்று வரும். வாட்ச் லூஸாக இருந்தாலும், விடியற்காலைக் குளிரில் கை ஜில்லென்று இருந்தாலும் இன்னும் மோசம்.

மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, இறுக்கமாகக் கட்டுங்கள். அப்போதும் சந்தேகமாக இருந்தால் நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள், காசு செலவில்லை. எண்ணை வைத்துத்தான் பயிற்சி செய்வேன் என்பவர்கள் நெஞ்சில் கட்டும் பெல்ட் வாங்கிக்கொள்ளுங்கள். அது இதயத்தின் மின்துடிப்பையே எடுக்கிறது. கட்டுவதற்கு முன் பட்டையைத் தண்ணீரில் நனைக்காமல், முதல் பத்து நிமிடம் தாறுமாறாகக் காட்டுகிறது என்று என்னிடம் வராதீர்கள்.

ஈஸி ரன் ஈஸி ரன்னு சொல்றீங்களே, எவ்ளோ ஈஸி?

பக்கத்தில் ஓடுபவரிடம் நேற்று வீட்டில் நடந்த சண்டையை முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். "ஆமா", "சரி" என்று மட்டும் பதில் வந்தால் அது ஈஸி இல்லை. எண்ணாக வேண்டுமென்றால் இப்படி. முதல் கேள்வி கேட்டவரின் உச்சம் 183, காலையில் எழுந்ததும் படுக்கையில் 54 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 129. அதில் 60 முதல் 70 சதவீதத்தை 54-உடன் கூட்டினால் 131 முதல் 144 வரை. அதற்குள் ஓட வேண்டும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அனுபவசாலிகளுக்கு வரும் காயங்களில் நான் பார்த்த பெரும்பகுதி, கடுமையான பயிற்சி நாளில் வந்தது இல்லை. ஈஸி நாளில் பக்கத்தில் ஒருவர் அரை அடி முன்னால் போக, இவர் ஒரு அடி முன்னால் போக, மூக்கனேரியைச் சுற்றி முடிக்கும்போது ரெண்டு பேருமே ரேஸ் ஓடி முடித்திருப்பார்கள். வாரம் நாலு நாள் இப்படி. அப்புறம் முட்டி ஏன் வலிக்கிறது என்று கேள்வி.

அதே வேகம், அதே ரோடு. ஜனவரில 142, ஏப்ரல்ல 156. ஃபிட்னஸ் போயிடுச்சாங்க?

போகவில்லை, வெயில் வந்திருக்கிறது. சூட்டைத் தணிக்க உடம்பு ரத்தத்தில் ஒரு பங்கைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்வையில் ரத்தத்தின் நீரும் குறைகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே போகும் ரத்தம் குறைவதால் இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. இதே காரணத்தால்தான் லாங் ரன்னில் வேகம் மாறாமலே கடைசி ஒரு மணி நேரம் துடிப்பு மட்டும் மெதுவாக மேலே போகும்.

சேலத்து ஏப்ரலில் பேஸை, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை, பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது, துடிப்பைப் பிடித்து ஓடுங்கள், பேஸ் போகிற இடத்துக்குப் போகட்டும். வெயிலுக்கு உடம்பு பழக பத்து முதல் பதினாலு நாள் ஆகும்.

வெயில் இல்ல, ட்ரெயினிங்கும் மாத்தல. ரெண்டு மாசமா துடிப்பு பத்து கூட வருது, மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. ஏண்ணா?

கேட்டது ஒரு தங்கச்சி. ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள் என்று சொன்னேன். மாதவிடாய் வரும் வயதில் ஓடுகிற பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு ரொம்ப சகஜம், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடியில் கிடக்கலாம். தைராய்டும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ரிப்போர்ட் பார்க்காமல் தானாக இரும்பு மாத்திரை விழுங்க வேண்டாம்.

ஏற்காட்டுல காத்து கம்மியா? மேல ரூம் போட்டு ரெண்டு நாள் ஓடினா கென்யாக்காரங்க மாதிரி ரத்தம் ஊறுமா?

ஊறாது. சேலம் 280 மீட்டர் உயரம் என்றால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் நம் ஊரைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே வேகத்துக்குத் துடிப்பு கொஞ்சம் கூட வரும், அது நிஜம். ஆனால் உயரத்தில் தங்கி ரத்த அணுக்களைக் கூட்டும் பயிற்சியெல்லாம் 2,000 மீட்டருக்கு மேலே, வாரக்கணக்கில் தங்கிச் செய்வது. கென்யா ஓட்டக்காரர்கள் பயிற்சி செய்யும் இட்டென் ஊர் சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது.

ஏற்காட்டின் லாபம் குளிர்ச்சிதான். மே மாதத்தில் கீழே நரகமாக இருக்கும்போது மேலே 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நிம்மதியாக லாங் ரன் முடிக்கலாம். காட்டெருமை நின்றால் மட்டும் லாங் ரன்னைச் சுருக்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள், செல்ஃபி வேண்டாம்.

காட் ரோட்டுல என்ன பேஸ்ல ஏறணும்?

பேஸே பார்க்கக் கூடாது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். போதாததற்கு, வளைவுகளில் ஜிபிஎஸ் குறுக்கே கோடு போட்டுவிடும், அந்த நேரத்தில் வாட்ச் காட்டும் பேஸுக்கும் உங்கள் காலுக்கும் சம்பந்தமே இருக்காது. மேலே சொன்ன த்ரெஷோல்டு எண்ணிலிருந்து பத்தைக் கழியுங்கள். பத்தாவது வளைவு வரை அதைத் தாண்டாதீர்கள். அதற்குப் பிறகு தெம்பு இருந்தால் ஐந்து கூட்டிக்கொள்ளலாம். எண் தாண்டினால் நடங்கள், வெட்கமே வேண்டாம். செங்குத்தான இடத்தில் வேகமாக நடப்பவரும் தட்டுத்தடுமாறி ஓடுபவரும் ஒன்றாகத்தான் போய்ச் சேருவார்கள், நடந்தவருக்கு மேலே போய் ஓட மிச்சம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. துடிப்பு முயற்சிக்குப் பின்னால் அரை நிமிடமாவது தாமதித்துத்தான் வரும். முதல் வளைவுக்கு முன்னால் இருக்கிற உற்சாகத்தில் பாய்ந்துவிட்டு, வாட்ச்சில் 140தானே என்று நினைப்பவர்கள் மூன்றாவது வளைவில் 178 பார்த்துத் திகைப்பார்கள். முதல் ரெண்டு கிலோமீட்டர் மூச்சை வைத்து ஓடுங்கள், அப்புறம் வாட்ச்.

வளைவில் எப்போதும் வெளிப்பக்கமாகப் போங்கள். தூரம் நாலு அடி கூட, ஆனால் உள்பக்கம்தான் செங்குத்து. அதைவிட முக்கியம், பஸ் ஒடித்துத் திரும்பும்போது பின் சக்கரம் உள்பக்க விளிம்பை உரசிக்கொண்டு வரும். ஒருமுறை ஒன்பதாவது வளைவில் தடுப்புக்கல்லோடு ஒட்டி நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஏறுறப்ப ஒண்ணும் ஆகல. இறங்கி ரெண்டு நாள் கழிச்சு மாடிப்படி இறங்க முடியல. தண்ணி குடிக்காததாலயா?

தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் வருவது அதில்தான், வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால் இறங்கும்போது துடிப்பு 120, 125தான் இருக்கும். வாட்ச் "ஈஸி" என்கிறது, மூச்சு "ஈஸி" என்கிறது, தொடை மட்டும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. இதயம் பார்க்கும் கருவியில் தசையின் கணக்கு வராது. அனுபவசாலிகள் அதிகமாக மாட்டுவது இங்கேதான், மூச்சு நன்றாக இருப்பதால் இன்னும் வேகமாக இறங்குவார்கள். நானும் அப்படித்தான் ஒரு மார்ச்சில் மொத்த மலையையும் ஓடியே இறங்கி, அடுத்த புதன்கிழமை வீட்டுப் படிகளில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன். பெண்டாட்டி வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள்.

நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை அடி வாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியைத் தாங்கும். அதனால் இறக்கத்தைத் தனிப் பயிற்சியாக எண்ணிச் சேர்க்க வேண்டும். முதல்முறை 2, 3 கிலோமீட்டர், பத்து நாள் கழித்து 5, அப்படி. சின்னச் சின்ன அடி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல். மிச்சத்துக்கு வண்டி.

முட்டிக்கு வெளிப்பக்கம் ஊசியால குத்துற மாதிரி. சரியா 4 கி.மீ.ல ஆரம்பிக்குது, நின்னா போயிடுது. என்னது இது?

டாக்டரோ ஃபிசியோவோதான் உறுதி சொல்ல வேண்டும், ஆனால் கதை ஐடி பேண்ட் கதை மாதிரி இருக்கிறது. இடுப்பிலிருந்து முட்டி வரை தொடையின் வெளிப்பக்கமாக வரும் பட்டை, முட்டி லேசாக மடங்கும் கோணத்தில் எலும்போடு அழுந்துகிறது. இறக்கம் அதற்கு ஆகாது. ரோட்டின் ஒரே ஓரமாக, சாய்வான இடத்தில் தினமும் ஓடுவதும் ஆகாது.

வலி வந்த பிறகு பல்லைக் கடித்து ஓடுவது இதில் நிச்சயத் தோல்வி. 4-ல் வருகிறதென்றால் 3-ல் நிறுத்துங்கள், இறக்கத்தை அறவே விடுங்கள், நிமிடத்துக்கு எட்டுப் பத்துக் காலடி கூட்டி அடியைச் சின்னதாக்குங்கள், இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குப் பயிற்சி செய்யுங்கள். ரோலர் வைத்து உருட்டினால் சுகமாக இருக்கும், ஆனால் பட்டை அதில் நீளாது.

எந்த வலியோட ஓடலாம், எந்த வலியோட ஓடக் கூடாது?

பத்துக்கு மூன்றுக்குள் இருக்கும் வலி, ஓட ஓடக் கூடாமல், நடை கோணாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் ஓடலாம். தசை, தசையை எலும்போடு கட்டும் தசைநாண், இவற்றின் வலிக்குத்தான் இந்தக் கணக்கு. எலும்புக்கு இல்லை.

முட்டிக்குக் கீழே முன்பக்க எலும்பில் கையளவு இடம் முழுக்க வலித்து, சூடானதும் குறைந்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட். ஒரு ரூபாய் காசு அளவு இடத்தில் விரல் வைத்தால் "இங்கேதான்" என்று துள்ள வைத்தால், ஒற்றைக்காலில் குதித்தால் அங்கேயே வலித்தால், ராத்திரி படுத்தும் வலித்தால், அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்பில் விரிசலாக இருக்கலாம். இடுப்பு மடிப்பில் ஆழமாக வரும் வலி இன்னும் ஆபத்து, தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் என்றால் ஆபரேஷன் வரை போகும். என் நண்பர் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அவரும் நிம்மதியாக மூன்று வாரம் ஓடினார். ஆரம்ப வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐயில்தான் தெரியும். அவர் நாலு மாதம் உட்கார்ந்தார்.

காலைல முதல் அடி வெச்சா குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி. பத்து அடி நடந்தா சரியாயிடுது. விட்டுடலாமா?

விட்டால் வருடக்கணக்கில் கூட இருக்கும். பாதத்தின் அடிப்பட்டை பிரச்சினை, பிளாண்டார் ஃபேஷியைட்டிஸ். படிக்கட்டு விளிம்பில், கால்விரலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஒற்றைக்காலில் மெதுவாகக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற செருப்பு போடுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா திட்டுவார்கள், புதுசாக ஒன்று வாங்கி உள்ளே மட்டும் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

குதிகாலுக்கு மேல பின்னாடி நரம்பு இழுக்குது, மலை ஏறின மறுநாள் ரொம்ப. ரெஸ்ட் எடுத்தா போயிடுமா?

நம் ஆட்கள் நரம்பு என்பது தசைநாண், அகிலிஸ். ரெஸ்ட் எடுத்தால் வலி போகும், ஓடினால் திரும்ப வரும், ஏனென்றால் ஓய்வில் தசைநாண் பலம் பெறாது. 1998-ல் ஆல்ஃப்ரெட்சன் என்ற ஸ்வீடன் எலும்பு மருத்துவர் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை. படிக்கட்டில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, முட்டி நேராக 15 தடவை மூன்று சுற்று, முட்டி மடக்கி 15 தடவை மூன்று சுற்று, தினம் இரண்டு வேளை, 12 வாரம். வலி வரும் இடம் குதிகால் எலும்போடு ஒட்டிய இடமாக இருந்தால் படிக்குக் கீழே இறக்காமல் தரையிலேயே செய்யுங்கள். நாலாவது வாரம் "வேலைக்காகலைண்ணா" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

ரேஸ் அன்னிக்கு ஒரு வலி மாத்திரை போட்டுட்டு ஓடிடலாமா?

வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வெயில், வியர்வை, மூணு மணி நேர ஓட்டம் இதெல்லாம் ஏற்கெனவே அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். மாத்திரை இல்லாமல் ஓட முடியாத வலி என்றால் மேலே வலி பற்றிச் சொன்னதை இன்னொருமுறை படியுங்கள்.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறேன். எவ்ளோ ஓடினாலும் 130 தாண்ட மாட்டேங்குது.

மாத்திரை அட்டையைப் பாருங்கள். பெயர் "லால்" என்று முடிந்தால், மெட்டோபுரோலால், அட்டெனலால் மாதிரி, அது துடிப்பையே கட்டிப்போடும் மருந்து. இந்தப் பக்கத்தில் சொன்ன எந்த எண்ணும் உங்களுக்குப் பொருந்தாது. பேசிக்கொண்டே ஓடும் சோதனைதான் உங்களுக்கு அளவு. ஓடுவதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் "நான் ஓடுகிறவன்" என்று சொல்லிக் கேளுங்கள்.

ஹாஃப் 1:50-ல முடிச்சேன். ஃபுல் மாரத்தான்ல 30 வரைக்கும் சூப்பர், அப்புறம் நடந்தேதான் வந்தேன். எங்க தப்பு?

தப்பு முதல் பத்து கிலோமீட்டரில். தூரம் இரட்டிப்பானால் நேரம் சுமார் 2.08 மடங்காகும் என்பது ஓட்டக்காரர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் கணக்கு. 1:50-க்கு அது 3:49, கிலோமீட்டருக்கு 5:26. அதுவும் வாரத்துக்கு 60, 70 ஓடுபவருக்கு. 40 ஓடுபவர் பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்துக்கொள்வது நல்லது. இவரிடம் வாட்ச்சைக் காட்டச் சொன்னேன், முதல் பத்து 5:08-ல் போயிருக்கிறார்.

ஃபுல் மாரத்தானில் ஒரே துடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவதும் வேலைக்காகாது. துடிப்பு தானாக மேலே நகரும் என்று வெயில் கேள்வியில் சொன்னேன். முதல் பாதியில் துடிப்பு ஒரு கூரை, அதைத் தாண்டாதீர்கள். இரண்டாம் பாதியில் அது ஏறத்தான் செய்யும், அப்போது பேஸைப் பாருங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, ஜெல்லோ கடலைமிட்டாயோ, பயிற்சியில் பழகியது மட்டும். தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள். ஒவ்வொரு ஸ்டாலிலும் நின்று நின்று வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தால் அது அபாயம், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

ஓடிட்டிருக்கும்போது திடீர்னு 210. வாட்ச் தப்புன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்களே, அப்படியே விட்டுடலாம்ல?

இது மட்டும் வேறு. காலடியை எண்ணும் தப்பு என்றால் எண் 165-க்கும் 185-க்கும் நடுவே, உங்களுக்கு எதுவும் தெரியாமல் வரும். 210 என்று குதித்து, அதே நேரம் நெஞ்சில் மீன் துள்ளுவது மாதிரி இருந்தால், கால் தளர்ந்தால், கண் இருட்டினால், நின்றுவிடுங்கள், கழுத்தில் விரல் வைத்து எண்ணுங்கள், தாளம் தப்பித் தப்பி வருகிறதா என்று பாருங்கள், அந்த வாரத்துக்குள் இதய மருத்துவரைப் பாருங்கள். பல வருடம் நீண்ட தூரம் ஓடிய ஆண்களுக்கு மேலறைத் துடிப்புக் கோளாறு, ஏஃபிப், மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. நெஞ்சை அழுத்தினாலோ மயங்கி விழுந்தாலோ வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, உடனே 108.

காய்ச்சல் வந்தவர்களும் இதைப் படியுங்கள். ஜுரத்தோடு ஓடினால் இதயத் தசையே வீங்கலாம். ஜுரம் விட்டு, எழுந்ததும் பார்க்கும் துடிப்பு பழைய எண்ணுக்கு வரும் வரை ஷூவைத் தொடாதீர்கள்.

ஆறு வாரம் காயத்துல உட்கார்ந்துட்டேன். மறுபடி எப்ப மலைக்கு வரலாம்?

எலும்பு விரிசல் என்றால் டாக்டர் சொல்லும் வரை வேண்டாம். மற்றதற்கு, முதலில் 45 நிமிடம் வேகமாக நடந்து மறுநாள் வலி இல்லையா என்று பாருங்கள். அப்புறம் காந்தி ஸ்டேடியத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, 20 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரத்தில் தொடர்ச்சியாக அரை மணி நேரம் வந்துவிடும். துடிப்பு பழையதைவிடப் பத்துப் பதினைந்து கூட இருக்கும், அது மாதம் ஒன்றில் இறங்கிவிடும், அதைப் பார்த்துப் பயந்து அவசரப்படாதீர்கள். மூச்சு தசைநாணைவிட வேகமாகத் திரும்பி வரும் என்பதுதான் இங்கே சிக்கல், இறக்கத்தில் ஏமாந்த அதே மாதிரி.

நாலாவது வாரம் அடிவாரத்துக்கு வாருங்கள், ஐந்தாவது வளைவு வரை ஏறுங்கள். இறங்கி ஓட வேண்டாம். சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்துக்கொண்டு வாருங்கள், வளைவில் கை காட்டி டிரைவர் நிறுத்தவில்லை என்றால் நடந்தே இறங்கலாம், டீக்கடையில்தான் இருப்போம்.